60-க்குள் 50 ஏன் இறுகுகிறது? சதுர பைப்பின் அளவு வித்தியாசங்கள்

தகட்டுக்காரன்

உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு வேலை மேசை. மேல் சட்டம் 1200 × 600 மி.மீ., முழுக்க 50 × 50 × 2 சதுர பைப் (பக்கம் 50, சுவர் கனம் 2). கால் நாலுக்கும் வெளியே 60 × 60 × 4, அதுக்குள்ளே 50 × 50 × 2 ஏறி இறங்கணும். கணக்குப்படி 60-ல ரெண்டு பக்கச் சுவர் 8 போனா 52 மிச்சம். 50-க்கு 2 மி.மீ. தாராளமா இடம் இருக்கு.

ஆனா 150 மி.மீ. வரைக்கும் வழுக்கிட்டுப் போகுது, அதுக்கு மேல இறுகிடுது. வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்து பார்த்ததுல வெளிக்குழாய் 60.2 முதல் 60.4, சுவர் 3.8. உள்வாய் 52.7 வருது, பைப்பை ஒட்டின வெல்டு கோடு உள்ளே மேடா இருக்கிற இடத்துல மட்டும் 51.6. உள்ளே போற பைப் 50.1 முதல் 50.3. அதாவது வெல்டு கோட்டைக் கழிச்சாலும் 1.4 மி.மீ. ஆட்டம் இருக்கணும். ஏன் போக மாட்டேங்குது?

இன்னொண்ணு, மேல் சட்டத்துக்கு வச்சிருக்கிற ரெண்டு நீள பைப்புல ஒண்ணு 49.8, இன்னொண்ணு 50.4. ரெண்டையும் கலந்து வெட்டலாமா?

---

வெர்னியர்

முதலில் 52 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அந்த எண்ணை உங்களுக்கு யாரும் விற்கவில்லை.

குளிர்நிலையில் உருட்டிச் செய்யும் கட்டுமானக் குழாய்களுக்கு இ.என். 10219 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அதில் 100 மி.மீ.க்குக் குறைந்த பக்கத்துக்கு வெளியளவு ±1%, ஆனால் எவ்வளவு சின்ன குழாயானாலும் ±0.5 வரை விலகலாம். சுவர் 5 மி.மீ. வரை ±10%. உள்வாய்க்குத் தனியாக எந்த அளவும் சொல்லப்படவில்லை. வெளியளவும் சுவரும் போக மிஞ்சியது எதுவோ அதுதான் உள்வாய்.

இதை உங்கள் காலுக்குப் போட்டுப் பாருங்கள். 60 என்பது 59.4 முதல் 60.6 வரை எதுவாகவும் இருக்கலாம். 4 மி.மீ. சுவர் 3.6 முதல் 4.4 வரை. மோசமான பக்கத்தில் உள்வாய் 59.4 − 8.8 = 50.6. தாராளமான பக்கத்தில் 60.6 − 7.2 = 53.4. உள்ளே போகும் 50 என்பது 49.5 முதல் 50.5. ஆக, இடைவெளி 0.1 மி.மீ.யாகவும் இருக்கலாம், 3.9 ஆகவும் இருக்கலாம். எல்லாமே தரத்துக்கு உட்பட்ட சரக்குதான், யாரும் ஏமாற்றவில்லை. அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். ஏ500-லும் கதை ஏறக்குறைய இதேதான்: இரண்டரை அங்குலம் வரையிலான சதுரக் குழாய்க்கு ±0.020 அங்குலம், அதாவது அரை மி.மீ.; சுவர் ±10%.

உங்களிடம் இருப்பது நல்ல ஜோடிதான். 1.4 இருந்தும் இறுகுகிறது என்றால் அது அளவுக் கோளாறு இல்லை, வடிவக் கோளாறு. வளைவு, முறுக்கு, மூலை வட்டம் இந்த மூன்றில் ஒன்று. பெரும்பாலும் முறுக்கு.

---

அரம் கையில்

வெர்னியர் சொல்றது சரி. ஆனா எதுன்னு ஊகிக்க வேண்டாம், பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம்.

உள்ளே போற 50 பைப்புல 100 மி.மீ. துண்டு ஒண்ணு வெட்டுங்க. ரெண்டு முனையையும் உள்ளேயும் வெளியேயும் அரத்தால பிசிறு எடுத்துடுங்க. வெளிக்குழாயோட ரெண்டு முனையிலயும் அதே மாதிரி. வெட்டின பிசிறு உள்பக்கம் அரை மி.மீ. மடிஞ்சு நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். விரலை வைக்காதீங்க, கிழிச்சிடும். பழைய துணியால துடைச்சா நூல் மாட்டும், அதுவே போதும்.

இப்போ அந்தத் துண்டை ஒரு கம்பியால தள்ளி, வெளிக்குழாய் முழுக்க ஓட்டுங்க.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடையில்லாம போச்சுன்னா வெளிக்குழாயோட வாய் எங்கேயும் அடைபடலைன்னு அர்த்தம். அப்போ பிரச்சினை நீளத்துல, ரெண்டு பைப்போட வளைவோ முறுக்கோ ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. துண்டு குறிப்பிட்ட ஓர் இடத்துல நின்னா, அங்கே வெல்டு கோடு தடிச்சிருக்கு, இல்லேன்னா பைப் எங்கேயோ அடிபட்டு நசுங்கியிருக்கு. துண்டை 90 டிகிரி திருப்பி மறுபடி விடுங்க. நாலு நிலையிலயும் பாக்கணும், ஏன்னா துண்டும் சரியான சதுரம் கிடையாது. எந்த நிலையில நல்லா ஓடுதோ அதை ரெண்டு பைப்புலயும் சாக்பீஸால குறிச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் அந்த ஜோடியை மாத்தக் கூடாது.

சுத்தியலை மட்டும் எடுக்காதீங்க. தட்டி இறக்கின பைப்பை எடுக்கிறதுக்கு அப்புறம் ஜாக்கி வைக்கணும்.

---

தீப்பொறி

எதுக்கு இவ்வளவு? கிரீஸ் தடவி இறக்குங்க, நாலு தடவை ஏறி இறங்கினா தானா தேஞ்சு வழி விட்டுடும்.

---

அரம் கையில்

தேயாது அண்ணே. ரெண்டுமே ஒரே மாதிரி மெதுவான இரும்பு. அழுத்தத்தோட உரசினா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிப் பிய்ஞ்சு வரும், கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல்லயே கடிச்சுக்கும். கிரீஸ் போட்டா இரும்புத்தூளும் அதுல சேர்ந்து மாவு மாதிரி ஆகிடும். வழி விடுறது இடைவெளிதான், எண்ணெய் இல்ல.

---

வெர்னியர்

முறுக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சின்ன பைப்பில் இதுதான் அதிகம் ஏமாற்றும். இ.என். 10219-இல் முறுக்குக்கு அனுமதி 2 மி.மீ. + மீட்டருக்கு 0.5 மி.மீ. ஒரு முனையைச் சமதளத்தில் அழுத்திப் பிடித்தால், மறுமுனையின் கீழ் மூலைகள் இரண்டும் உயரத்தில் அவ்வளவு வேறுபடலாம் என்று பொருள். 1 மீட்டர் துண்டுக்கு 2.5 மி.மீ. 200 மி.மீ. பக்கமுள்ள பெரிய குழாயில் இது ஒன்றுமே இல்லை. 50 மி.மீ. பக்கத்தில் 2.5 என்பது கிட்டத்தட்ட 3 டிகிரி. உங்கள் இரண்டு குழாய்களும் எதிரெதிர்த் திசையில் முறுக்கியிருந்தால், 150 மி.மீ. வரை வழுக்கிப் போய்விட்டு அதன் பிறகு மூலைகள் சுவரைக் கவ்வுவது முழுக்க இயல்பே.

பார்ப்பது எளிது. பைப்பின் இரு முனையிலும் குறுக்காக ஒரே மாதிரி நேரான இரண்டு பட்டைகளை வையுங்கள், 400 மி.மீ. நீளம் போதும். ஒரு முனையிலிருந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்பட்டையின் மேல்விளிம்பும் பின்பட்டையின் மேல்விளிம்பும் இணையாகத் தெரிய வேண்டும். பட்டை பைப்பைவிட எட்டு மடங்கு அகலம் என்பதால் முறுக்கும் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

வளைவு அவ்வளவு பயமுறுத்தாது. மொத்த நீளத்தில் 0.15% அனுமதி, 6 மீட்டரில் 9 மி.மீ. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரே சீராக வளைந்த பைப்பை வெட்டும்போது வளைவு நீளத்தின் வர்க்கத்தில் குறையும். அதே பைப்பில் 2 மீட்டர் துண்டுக்கு 1 மி.மீ., 1 மீட்டர் துண்டுக்கு கால் மி.மீ. தான். ஓரிடத்தில் மட்டும் மடங்கியிருக்கும் பைப் வேறு விஷயம். தரமே எந்த 1 மீட்டரிலும் 3 மி.மீ. வரை விடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, வெட்டு அங்கே விழுகிற மாதிரி திட்டமிடுங்கள்.

முறுக்கு அப்படியில்லை. அது நீளத்துக்கு நேர் விகிதத்தில்தான் குறையும்.

மூன்றாவது, மூலை வட்டம். 6 மி.மீ. வரையிலான சுவருக்கு வெளிமூலையின் ஆரம் சுவரைப் போல் 1.6 முதல் 2.4 மடங்கு. 4 மி.மீ. சுவருள்ள குழாயில் வெளி ஆரம் 9.6 வரை போகலாம், அப்போது உள்மூலையின் ஆரம் 5.6. உங்கள் உள்பைப் 2 மி.மீ. சுவர், அதன் வெளிமூலை 3.2 வரை கூர்மையாக இருக்கலாம். மழுங்கிய மூலைக்குள் கூர்மையான மூலை போகாது. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்குக் கணக்கு: இரண்டு ஆரங்களின் வித்தியாசத்தை 0.29-ஆல் பெருக்குங்கள். 5.6 − 3.2 = 2.4, பெருக்கினால் 0.7. ஒவ்வொரு பக்கமும் 0.7, மொத்தம் 1.4 மி.மீ. இடைவெளி மூலைக்கே போய்விடுகிறது. உள்பைப் 3 மி.மீ. சுவராக இருந்திருந்தால் மூலை 4.8-க்குக் கீழே போகாது, பக்கத்துக்குக் கால் மி.மீ. போதும். ஏறி இறங்கும் வேலைக்கு மெல்லிய சுவரை உள்ளே போடுவதில் இது ஒரு தொல்லை.

---

தகட்டுக்காரன்

துண்டு போட்டுப் பார்த்தேன். நாலு காலில் மூணுல மறுமுனை வரைக்கும் போகுது. ஒண்ணுல மட்டும் நடுவுல நிக்குது, வெல்டு கோடு அங்கே ஒரு சாண் நீளத்துக்கு உருண்டையா இருக்கு. பட்டை வச்சுப் பார்த்தா ரெண்டு உள்பைப்புல முறுக்கு நல்லாவே தெரியுது.

முறுக்கை நிமிர்த்த முடியுமா? வெல்டு கோட்டை எப்படி எடுக்கிறது?

---

அரம் கையில்

700 மி.மீ. துண்டு முறுக்கை வீட்டுல நிமிர்த்துறது வீண் வேலை. ஒரு முனையை வைஸ்ல கட்டி மறுமுனையில நீளக் கம்பி போட்டுத் திருகலாம், விட்டதும் பாதிக்கு மேல திரும்ப வந்துடும். அதிகமாத் திருகினா சுவர் உள்ளே குழிஞ்சிடும். அந்த ரெண்டையும் மேல் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டையா வெட்டிப் போட்டுடுங்க. 500 நீளத்துல பெரிசா தெரியாது. காலுக்கு முறுக்கு இல்லாத பைப்பா எடுங்க.

வெல்டு கோட்டுக்கு: பட்டை அரம் ஒண்ணு, 300 மி.மீ. நீளம், முரட்டுப் பல். அதோட வால்ல 12 மி.மீ. கம்பியை வெல்டு பண்ணி, காலோட பாதி நீளத்துக்கு மேல எட்டுற மாதிரி நீட்டிக்கோங்க. அரத்துக்குக் கிட்ட வெல்டு பண்ணும்போது பல்லு பக்கம் ஈரத்துணி சுத்துங்க, இல்லேன்னா கடினம் போயிடும். பைப்பை வெல்டு கோடு கீழே வர மாதிரி படுக்க வச்சு, தள்ளும்போது மட்டும் அழுத்தணும், இழுக்கும்போது தூக்கிடணும். முழுக்க மட்டமாக்க வேண்டியதில்ல, 0.3 மி.மீ. நின்னாலும் பரவாயில்ல. ஃப்ளாப் வீலை (உப்புத்தாள் மடல் சக்கரம்) நீளக் கம்பியில மாட்டி டிரில்லுல ஓட்டுறவங்க உண்டு. அது வெல்டு கோட்டை விட்டுட்டுப் பக்கத்துச் சுவரைத்தான் அதிகம் தின்னும்.

அந்தக் கோடு ஏன் வருதுன்னா, தகட்டை உருட்டி ரெண்டு விளிம்பையும் மின்சாரத்தால சூடாக்கி அழுத்தி ஒட்டறாங்க. அழுத்தும்போது உருகின இரும்பு உள்ளேயும் வெளியேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கினதை மில்லிலேயே சீவிடுவாங்க. உள்ளே இருக்கிறது, யாரும் தனியாக் கேட்டு வாங்கலைன்னா, அப்படியே விட்டதுதான்.

---

நூல்பிடி

வெல்டு கோட்டை எடுக்காமலும் செய்யலாம். இந்த வேலைக்கு நான் இதைத்தான் நல்ல வழி என்பேன்.

உலோகத்தோடு உலோகம் முழு நீளத்துக்கும் உரச வேண்டிய தேவையே இல்லை. வெளிக்குழாயின் வாயில் 50 மி.மீ. உயரத்துக்கும், உள்பைப்பின் அடிமுனையில் 50 மி.மீ. உயரத்துக்கும் பிளாஸ்டிக் பட்டை வையுங்கள். அதிக அடர்த்தி பாலிஎத்திலீன் நல்லது. தொடும் இடங்கள் இந்த இரண்டு மட்டும்தான். ஒவ்வொரு முகத்திலும் இரண்டு பட்டைகள், மூலைக்குப் பக்கத்தில், நடுவில் வெல்டு கோட்டுக்கு வழி விட்டு. கோடு எப்போதும் முகத்தின் நடுவில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பார்த்து வையுங்கள். 52.7 − 50.2 = 2.5 இருக்கிறது, எனவே பக்கத்துக்கு 1 மி.மீ. பட்டை, மொத்த ஆட்டம் அரை மி.மீ. பாலிஎத்திலீனில் பசை ஒட்டாது, 4 மி.மீ. தலை மட்டமான திருகோ, பட்டையில் ஒரு குமிழ் விட்டு சுவரில் துளையோ வேண்டும்.

முக்கியமான எண் வேறு. ஆட்டம் எவ்வளவு என்பதைவிட, உள்பைப் எவ்வளவு நீளம் உள்ளே இருக்கிறது என்பதே மேசை ஆடுமா ஆடாதா என்று தீர்மானிக்கும். 1 மி.மீ. ஆட்டம், 150 மி.மீ. உள்ளே இருந்தால், 700 உயரத்தில் 4.7 மி.மீ. சாயும். 300 உள்ளே இருந்தால் 2.3 தான். அதிக உயரத்தில் நிறுத்தும்போதும் குழாய் அகலத்தின் மூன்று மடங்காவது உள்ளே இருக்கட்டும். மேசைக்கு நான் ஐந்து மடங்கு வைப்பேன்.

இப்போது உங்கள் 49.8, 50.4 கேள்வி. கலக்கலாம், ஆனால் எங்கே கலக்கிறீர்கள் என்பதில் கவனம். மேல் சட்டத்தில் பலகை உட்காரும் மேல்முகம்தான் தலைமுகம், அதாவது எல்லா அளவும் தொடங்கும் முகம். எல்லா பைப்பும் அந்த முகத்தில் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கீழ்முகத்தில் 0.6 படி வந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே சட்டத்தைத் தலைகீழாக, மேல்முகம் மேசைத்தளத்தில் படும்படி வைத்து டேக் (பிடித்து நிறுத்தும் சின்னப் புள்ளி வெல்டு) அடியுங்கள். பைப்பின் நடுக்கோட்டை வைத்து மட்டும் அளக்காதீர்கள். நடுக்கோட்டிலிருந்து அளந்தால் வித்தியாசம் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் கெட்டுப்போகும்.

வெட்டும் நீளத்தையும் வரைபடத்திலிருந்து எடுக்காமல் கையில் இருக்கும் பைப்பிலிருந்து எடுங்கள். நீளக் கட்டைகளுக்கு இடையே குறுக்குக் கட்டை முட்டி நிற்கிறது என்றால், அதன் நீளம் 600-லிருந்து இரண்டு நீளக் கட்டைகளின் உண்மையான அகலத்தைக் கழித்தது. இரண்டும் 49.8 என்றால் 500.4. இரண்டும் 50.4 என்றால் 499.2. ஒன்று 49.8, மற்றது 50.4 என்றால் 499.8. வரைபடத்தைப் பார்த்து 500 வெட்டினால் சட்டம் ஒன்று 599.6 அல்லது 600.8. பலகைக்கு இது ஒன்றுமில்லை. இழுப்பறைத் தடம் மாட்டப் போகிறீர்கள் என்றால் இழுப்பறை இறுகும்.

குறுக்குக் கட்டை எல்லாவற்றையும் ஒரே நிறுத்தக் கட்டை வைத்து ஒரே மூச்சில் வெட்டுங்கள். 500 என்பதில் ஒரு மி.மீ. தப்பினாலும், எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சட்டம் மூலைமட்டமாக வரும்.

---

தீப்பொறி

மூலையில 45 டிகிரி வெட்டிச் சேர்த்தா இந்தக் கழித்தல் தொல்லையே இல்லையே?

---

நூல்பிடி

நீளக் கணக்குத் தொல்லை போகும், கோணத் தொல்லை வரும். 50 பைப்பில் 45 டிகிரி வெட்டு முகம் 70.7 மி.மீ. நீளம். வெட்டும் மெஷின் அரை டிகிரி தப்பினால் ஒரு முனையில் 0.6 மி.மீ. திறப்பு. இரண்டு துண்டும் ஒரே பக்கம் தப்பியிருந்தால் 1.2. சட்டத்தில் எட்டு வெட்டு, எட்டும் ஒரே பக்கம் தப்பினால் 4 டிகிரி. கடைசி மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். 2 மி.மீ. சுவரில் 1.2 திறப்பை வெல்டால் நிரப்பப் போனால் ஓட்டை விழும், இழுப்பும் கூடும்.

அகலம் வேறு வேறாக இருக்கும் பைப்புகளை 45-ல் சேர்த்தால் உள்மூலையிலோ வெளிமூலையிலோ 0.6 படி நிற்கும். மறைக்க இடம் இல்லை. ஒரே நீளத்திலிருந்து வெட்டிய துண்டுகளை மட்டும் 45-ல் சேருங்கள்.

டேக் அடித்ததும் மூலைவிட்டம் இரண்டையும் ஒரே டேப்பால் அளக்கவும். 1200 × 600-க்கு 1341.6 வரவேண்டும், ஆனால் அந்த எண்ணைவிட இரண்டும் சமமா என்பதே முக்கியம். இரண்டாம் வகுப்பு டேப்புக்கு 2 மீட்டரில் 0.7 மி.மீ. வரை பிழை அனுமதி. வேறு வேறு டேப்பால் அளந்தால் இல்லாத கோணலை நிமிர்த்திக்கொண்டிருப்பீர்கள். வித்தியாசம் 2 மி.மீ. என்றால் 600 பக்கம் 1.1 மி.மீ. சாய்ந்திருக்கிறது. நீளமான மூலைவிட்டத்தில் கிளாம்ப் போட்டு இழுத்தால் டேக் வளைந்து கொடுக்கும்.

---

தீப்பொறி

சரி, இது என் ஏரியா. டேக் எல்லாம் எதிரெதிர் மூலையில அடிங்க, ஒரு மூலையை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. வெல்டு ஆறும்போது சுருங்கும், எந்தப் பக்கம் வெல்டு அதிகமோ அந்தப் பக்கம் பைப் குனியும். மேல்முகத்து வெல்டை முதல்ல போட்டா சட்டம் கிண்ணம் மாதிரி ஆகும். முதல்ல உள்மூலை, வெளிமூலைச் செங்குத்து வெல்டுகள், அதுக்கப்புறம் மேல்முகமும் கீழ்முகமும் மாத்தி மாத்தி. பலகை உட்கார்ற முகத்துல வெல்டு போட்டுட்டு கிரைண்டரால வழிக்கப் போறீங்கன்னா, 2 மி.மீ. சுவருங்கிறது நினைவுல இருக்கட்டும். 1.8-ஆ வந்த பைப்பா இருந்தா, அரை மி.மீ. வழிச்சாலே கால்வாசிச் சுவர் போச்சு.

---

ராட்செட்

இந்த 1.8-ஐ எப்படிச் சரிபார்ப்பது? பைப் முனையில் வெர்னியர் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு எண் வருகிறது.

---

வெர்னியர்

முனையில் அளந்தால் அப்படித்தான் வரும். வெட்டும்போது முனை நசுங்குகிறது, பிசிறு நிற்கிறது, உள்முகம் மூலைக்கு அருகே வளைகிறது. பிசிறு எடுத்து, வெல்டு கோடு இல்லாத மூன்று முகங்களின் நடுவில் அளந்து பாருங்கள். வெளியளவை முனையிலிருந்து 100 மி.மீ. தள்ளி, மூலை வட்டம் முடிந்த இடத்தில் எடுக்க வேண்டும். முகத்தின் நடுவில் எடுத்தால் அது உப்பலையோ குழிவையோ சேர்த்து அளப்பது. 50 பைப்பில் அரை மி.மீ. வரை அது அனுமதிக்கப்பட்டதே.

சுவரைச் சரிபார்க்கத் தராசுதான் சிறந்தது. 50 × 50 × 2 மீட்டருக்கு 2.93 கிலோ; 6 மீட்டர் நீளம் 17.6 கிலோ. சுவர் முழுக்க 1.8 என்றால் 15.95. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: சுவர் 10% குறையலாம், ஆனால் ஒரு நீளத்தின் எடை 6%-க்கு மேல் விலகக் கூடாது என்று அதே இ.என். 10219 சொல்கிறது. அதாவது 16.5 கிலோவுக்குக் கீழே போனால், சுவர் எங்கே அளந்தாலும் 1.8 காட்டினாலும், அந்த நீளம் தரத்துக்கு உட்பட்டதில்லை.

மற்ற அளவுகளுக்கு: ஒரு மீட்டர் எடையை, 0.0314-ஐ பைப் அகலத்தில் சுவரைக் கழித்த எண்ணால் பெருக்கி, அதனால் வகுங்கள். 2.93 ÷ (0.0314 × 48) = 1.94. மூலை வட்டமாக இருப்பதால் இது 3% குறைத்துக் காட்டும், அதைக் கூட்டினால் 2.0.

தகட்டின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 16 கேஜ் என்பது அமெரிக்கத் தகட்டு அளவில் 1.52 மி.மீ., பர்மிங்காம் அளவில் 1.65, பிரிட்டிஷ் கம்பி அளவில் 1.63. 14-இல் வித்தியாசம் இன்னும் பெரிது: 1.90, 2.11, 2.03. எந்த கேஜ் என்று விற்பவரே சொல்ல முடியாதபோது மி.மீ.யில் கேளுங்கள்.

---

ராட்செட்

நன்றி சார். வட்டக் குழாய்க்கும் இதே கணக்குதானா? 20 என்.பி. பைப்பை 25 என்.பி.க்குள் விடலாம் என்று வைத்திருக்கிறேன். 5 மி.மீ. வித்தியாசம் இருக்கிறதே.

---

வெர்னியர்

என்.பி. (நாமினல் போர், பெயரளவு உள்வாய்) எண் வெறும் பெயர். எந்த அளவும் அதற்குச் சமமாக இருக்காது. 20 என்.பி.யின் வெளி விட்டம் 26.9. 25 என்.பி.க்கு 33.7, நடுத்தர வகையில் சுவர் 3.2, உள் விட்டம் 27.3. இடைவெளி 0.4 மி.மீ. காகிதத்தில் இதைவிட அழகான பொருத்தம் கிடைக்காது. உள்ளே வெல்டு கோடு இருப்பதால் நடைமுறையில் போகாது. 15-ஐ 20-க்குள் விட்டாலும் அதே 0.4 தான்: 21.3, உள்ளே 21.7. 25-ஐ 32-க்குள் விடுங்கள், 33.7-க்கு 36.0 கிடைக்கும், 2.3 இடைவெளி, வெல்டு கோட்டுக்கும் இடம் உண்டு.

ஆட்டமே இல்லாமல் வேண்டுமென்றால், மாண்ட்ரல் என்ற உள் உருளையின் மேல் இழுத்துச் செய்யும் டி.ஓ.எம். குழாய் வாங்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். ஏ513-இல் அது ஐந்தாம் வகை. அதில் உள் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் சொல்லி வாங்கலாம். வெல்டு கோடு இழுப்பிலேயே தட்டையாகிவிடும். புஷ் அடிக்கும் இடம், கீல் குழாய் இவற்றுக்கு அதன் விலை தகும். மேசைக் காலுக்குத் தேவையில்லை.

---

தகட்டுக்காரன்

நூல்பிடி சொன்ன பட்டை முறைக்கே போறேன். உயரத்தை நிறுத்துறதுக்கு ரெண்டு பக்கத்து முகத்துல எம்10 நட்டு வெல்டு பண்ணி போல்ட்டால இறுக்கலாம்னு இருக்கேன். சரிதானே?

---

அரம் கையில்

ஆட்டத்தை அடக்க போல்ட்டு சரி. எடையைத் தாங்க அது வேண்டாம். 2 மி.மீ. சுவர்ல போல்ட் முனை குத்திப் பள்ளம் விழும், பள்ளம் விழுந்த இடத்துலதான் அப்புறம் எப்பவும் நிக்கும். எடைக்கு 12 மி.மீ. பின் குறுக்கே போடுங்க, துளை 12.5, 50 மி.மீ.க்கு ஒண்ணு. போல்ட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல பித்தளைத் துண்டோ நைலான் துண்டோ வையுங்க.

நட்டு வெல்டு பண்ணும்போது சுவர் உள்பக்கம் குழியும். அதனால பட்டை வைக்கிறதுக்கு முன்னாடியே வெல்டை முடிச்சு, ஆறினதும் அந்த 100 மி.மீ. துண்டை மறுபடி ஓட்டிப் பாருங்க. துண்டை உள்ளே வச்சுக்கிட்டே வெல்டு பண்ணாதீங்க, கவ்விக்கும். நட்டுல ஒரு பழைய போல்ட்டைத் திருகி வச்சுட்டு வெல்டு அடிச்சா மரையில பொறி விழாது.

பின் துளையை ரெண்டு பக்கமும் தனித்தனியா குறிச்சுப் போடாதீங்க. பக்கச் சுவர் 90-லிருந்து 1 டிகிரி வரைக்கும் சாயலாம், 50 அகலத்துல அது 0.9 மி.மீ. உங்க துளை பின்னைவிட அரை மி.மீ. தான் பெரிசு. நிறுத்து டிரில்லுல (தூணில் நிற்கிற டிரில் மெஷின்) ஒரே பக்கத்துலிருந்து ரெண்டு சுவரையும் ஊடுருவிப் போடுங்க. நாலு காலுக்கும் தலைமுகம் ஒரே பக்கம் டிரில் மேசையோட வேலியில (பைப் சாயற நேர்ப்பட்டை) சாயணும். முதல் துளை மேல் முனையிலிருந்து, அடுத்தடுத்த துளைக்கு முந்தின துளையில ஒரு பின்னை மாட்டி நகர்த்துங்க. டேப்பால குறிச்சா பத்தாவது துளைக்குள்ளே ஒரு மி.மீ. தேடிக்கிட்டு இருப்பீங்க.

---

நூல்பிடி

பெயின்ட்டையும் கணக்கில் வையுங்கள். பவுடர் கோட்டிங் ஒரு முகத்துக்கு 60 முதல் 100 மைக்ரான். உள்பைப்பின் இரண்டு முகத்துக்கும் சேர்த்து 0.2 மி.மீ. போகும். வெளிக்குழாயின் வாயிலும் கொஞ்சம் உள்ளே ஏறும். உங்கள் அரை மி.மீ. ஆட்டத்தில் பாதி அதற்கே சரி. கோட்டிங் முடிந்த பிறகு பட்டையின் கனத்தை முடிவு செய்யுங்கள், 1 மி.மீ. அதிகமாகத் தெரிந்தால் 0.8. சூட்டு அடுப்பில் போகும்போது பிளாஸ்டிக் பட்டை உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

துத்தநாக முலாம் போட்ட பைப்பாக இருந்தால் வெல்டு பண்ணும் இடத்தில் 25 மி.மீ. அகலத்துக்கு முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும்.

---

தகட்டுக்காரன்

கடைசியா ஒண்ணு. நாலு காலும் ஒரே நீளமா வெட்டினாலும் தரை மட்டமா இருக்காதே, அடியில என்ன வைக்கலாம்?

---

அரம் கையில்

வெளிக்குழாய் அடியில 6 மி.மீ. தகடு, அதுல எம்12 நட்டு, அதுக்குள்ளே மட்டம் சரிபண்ற கால் திருகு. எம்12 மரை ஒரு சுத்துக்கு 1.75 மி.மீ. நகரும், கால் சுத்து அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தகட்டை 52 × 52-ஆ வெட்டி பைப்புக்குள்ளே தள்ளி வெல்டு பண்ணலாம்னு மட்டும் யோசிக்காதீங்க. வெல்டு கோடு அங்கேயும் இருக்கு. 58 × 58-ஆ வெட்டி முனைமேல வச்சு சுத்தி வெல்டு பண்ணுங்க. ஓரமா 8 மி.மீ. துளை ஒண்ணு விடுங்க, உள்ளே தண்ணி நிக்காது.

---

தீப்பொறி

பூட்டு நட்டு போட மறக்காதீங்க. இல்லேன்னா மேசையை ரெண்டு தடவை நகர்த்தினதும் மட்டம் மாறிடும்.